சிறிய துளையும் பெரிய கொடையும்

கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு ஒரு நியதி உண்டு. சரக்கில் பழுதிருந்தால் அதை வாங்குபவரிடம் சொல்லிவிட்டே விற்க வேண்டும். மூட்டையின் மேலே நல்லரிசியையும் அடியிலே நொய்யையும் வைத்து விற்பவனை நாம் வியாபாரி என்று மதிப்பதில்லை. அவன் வாயால் ஒரு பொய்யும் சொல்லாதிருக்கலாம். மேலே இருந்த அரிசியைத்தானே அவன் காட்டினான்! ஆயினும், சொல்லாமல் விட்டதே அவன் செய்த குற்றம். இந்த நியதி சரக்குக்கு மட்டுந்தானா, அல்லது அன்பின் பேரால் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போதும் பொருந்துமா? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மூத்தவருக்கு நெடுநாளாக நீரிழிவு. அதனால் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறார். கடையை இளையவர் பார்த்துக்கொள்கிறார். பரிசோதனையில் இளையவரின் சிறுநீரகம் பொருந்தும் என்று தெரியவருகிறது. அன்றிரவு குடும்பமெல்லாம் கூடியிருக்க, உம்மா சொல்கிறார்:

"தம்பி, இப்பொழுதெல்லாம் முன்போல விலாவைக் கிழிப்பதில்லையாம். சின்னச் சின்ன ஓட்டைதான் போடுவார்களாம். நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாமாம். உன் காக்காவுக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள், என் வாப்பா?"

இளையவர் தலையசைக்கிறார். அவருடைய மனைவி அடுக்களை வாசலில் நின்று ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உம்மா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆனால் மூட்டையின் அடியில் இருப்பதை அங்கு யாரும் அவிழ்த்துக் காட்டவில்லை. நாம் அவிழ்த்துப் பார்ப்போம்.

முற்காலத்தில் உயிரோடிருக்கும் ஒருவரின் சிறுநீரகத்தை எடுக்க வேண்டுமானால், விலாப்புறத்தில் நீளக் கீறி, பல வேளைகளில் ஒரு விலா எலும்பின் துண்டையும் அகற்றியே எடுத்தார்கள். வலி கடுமையானது, தேறி எழுந்து வேலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகும். 1995 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களான லாயிட் ராட்னர், லூயி கவூசி ஆகியோர் முதன்முதலாக ஒரு கொடையாளியின் சிறுநீரகத்தை நுண்துளை வழியாக, அதாவது லேப்ராஸ்கோப்பி முறையில், எடுத்தார்கள். முழு மயக்கம் கொடுத்துக் கொடையாளியை ஒருக்களித்துக் கிடத்துகிறார்கள். வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்பவைக்கிறார்கள். மூன்று அல்லது நான்கு சிறு துளைகள் இட்டு, ஒன்றின் வழியே காமிராவையும் மற்றவற்றின் வழியே நீண்ட கருவிகளையும் செலுத்துகிறார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே இரத்தக் குழாய்களிலிருந்து சிறுநீரகத்தைப் பிரிக்கிறார்கள். கடைசியில் அடிவயிற்றில் சில அங்குலம் கீறி அதை வெளியே எடுக்கிறார்கள். கைப்பிடி அளவுள்ள உறுப்பு துளை வழியே வராதல்லவா? ஆகவே "ஓட்டை மட்டுந்தான்" என்பதே முழு உண்மையன்று.

இம்முறை நன்மையானது என்பதில் ஐயமில்லை. வலி குறைந்தது, ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறைந்தன, பெற்றுக்கொள்பவருக்கும் சிறுநீரகம் முன்போலவே நன்றாக வேலை செய்கிறது. முன்வந்து கொடுப்போரும் பெருகினர். 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உயிரோடிருந்து உறுப்புக் கொடுத்தோரின் தொகை, இறந்தபின் கொடுத்தோரின் தொகையை முதன்முறையாக விஞ்சியது. அதற்கு இந்த முறையும் ஒரு காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோலின் மேலுள்ள காயம் சிறுத்தது. உள்ளே நடக்கும் வேலை சிறுக்கவில்லை. உடம்பிலுள்ள இரத்தம் ஏறத்தாழ ஐந்து லிட்டர். இரு சிறுநீரகங்கள் வழியாகவும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பாய்கிறது. அப்படியானால் ஒரு சிறுநீரகத்துக்குச் செல்லும் குழாயில் மட்டும் நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓடுகிறது. அந்தக் குழாயோ இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனியிலிருந்து நேரே கிளைப்பது. அதை அறுத்து மூடிய இடம் நழுவுமானால், சில நிமிடங்களே அவகாசம். துளை வழியாக வேலை செய்பவர் அப்போது வயிற்றைத் திறந்தாக வேண்டும்.

இது வெறும் அச்சமூட்டும் கற்பனையன்று. குழாயை மூட ஒரு காலத்தில் பிளாஸ்டிக் கவ்விகளைப் பல இடங்களில் பயன்படுத்தினார்கள். அவை விலை குறைவு. அதோடு, தைத்து மூடும் கருவி குழாயில் சில மில்லிமீட்டரை விழுங்கிவிடும். கவ்வியோ குழாயைச் சற்று நீளமாக விட்டுவைக்கும். அந்த நீளம் யாருக்குப் பயன்? பெற்றுக்கொள்பவருக்கு. கவ்வி நழுவினால் ஆபத்து யாருக்கு? கொடுப்பவருக்கு. ஆபரேஷன் முடிந்தபின் கவ்வி நழுவி, நோயே இல்லாத கொடையாளிகள் சிலர் இரத்தம் பெருகி இறந்தனர். கொடையாளியின் சிறுநீரகத் தமனிக்கு இக்கவ்வியைப் பயன்படுத்தலாகாது என்று அதைச் செய்தவர்களே 2006 இல் அறிவித்தார்கள். அதன்பின்னும் மரணம் நேர்ந்ததால் 2011 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மீண்டும் எச்சரித்தது. சில மில்லிமீட்டர் குழாயில் ஒரு தர்ம விசாரணையே அடங்கியிருப்பதை நாம் காண்கிறோம். ஒருவருக்கு வரும் சிறு நன்மைக்காக மற்றவர் தலையில் அவரறியாமல் பெரும் ஆபத்தை ஏற்றலாமா? ஏற்றலாகாது என்பதை மருத்துவ உலகம் உயிர்களைக் கொடுத்தே கற்றுக்கொண்டது.

நிற்க. கணக்கு என்ன சொல்கிறது? வியாபாரிகளாகிய நாம் கணக்கைப் பார்க்காமல் பேசலாகாது. அமெரிக்காவில் 1993 முதல் 2022 வரை முப்பதாண்டுகளில் சிறுநீரகம் கொடுத்த 1,64,593 பேரின் கணக்கை ஆராய்ந்தார்கள். கொடுத்த தொண்ணூறு நாட்களுக்குள் இறந்தவர் 36 பேர். கடைசிப் பத்தாண்டுகளில் இது பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவு. முதற் பத்தாண்டுகளிலோ பத்தாயிரத்துக்கு மூவர். ஆபத்து குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இறப்புக்கு முதற் காரணம் இரத்தப் பெருக்கே.

இறப்பில்லாத தொல்லைகள் இதைவிட மிகுதி. குடலிலோ மண்ணீரலிலோ கருவி பட்டுவிடலாம். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறலாம். நுரையீரலில் சளிக் காய்ச்சல் காணலாம். கீறிய இடத்தில் சீழ் பிடிக்கலாம். பின்னாளில் அங்கே குடல் பிதுங்கலாம். இடச் சிறுநீரகத்துக்கு நீண்ட இரத்தக் குழாய் இருப்பதால் பெரும்பாலும் அதையே எடுக்கிறார்கள். அதனால் ஆண்கள் சிலருக்கு இடது விதையில் வலி சில காலம் நிற்கிறது. பெரும்பாலோர்க்கு இவற்றில் ஒன்றும் நேர்வதில்லை. ஆயினும் நாலாம் நாள் வீடு திரும்புவது வேறு, நாலாம் நாள் கடை திறப்பது வேறு. ஒரு மாதத்துக்கு மேல் மூட்டை தூக்கலாகாது. வாரக்கணக்கில் உடம்பு அயர்ந்தே இருக்கும்.

இனி நெடுநாள் கணக்கு. ஒற்றைச் சிறுநீரகம் சற்றுப் பருத்து, முன்பு இரண்டும் செய்த வேலையில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கைத் தானே செய்யும். நல்ல உடம்புக்கு அது போதும். 2014 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, கொடுத்தவர்களை அவர்களைப் போலவே நல்ல உடம்புள்ள, ஆனால் கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டது. பதினைந்தாண்டுகளில் சிறுநீரகம் முற்றும் பழுதானவர்கள், கொடுத்தோரில் பத்தாயிரத்துக்கு 31 பேர்; கொடுக்காதோரில் 4 பேர். ஆயுள் முழுதும் எடுத்துக்கொண்டால் முறையே 90 பேரும் 14 பேரும் என்று கணித்தார்கள். பரிசோதித்துப் பொறுக்காத பொதுமக்களிலோ அது 326 பேர்.

இந்த மூன்றாவது எண்ணில்தான் மூட்டைக்காரனின் தந்திரம் நுழையும். "கொடுத்தவருக்கு வரும் ஆபத்து, தெருவில் போகும் சாதாரண மனிதனுக்குள்ள ஆபத்தைவிடக் குறைவே" என்று சொல்லலாம், அது மெய்யே. ஆனால் கொடையாளி சாதாரண மனிதர்களிடையே பொறுக்கியெடுத்த முதல்தரச் சரக்கு. முதல்தர அரிசியைக் கலப்பரிசியோடு ஒப்பிட்டு விலை பேசுவது நேர்மையா? அவர் கொடுக்காமல் இருந்திருந்தால் அவர் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டால் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. கூடிய பின்னும் நூற்றுக்கு ஒருவருக்குக் குறைவே. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

நாம் சொன்ன வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. நீரிழிவு குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. சிங்கப்பூரில் சிறுநீரகம் பழுதாவதற்கு முதற் காரணமும் அதுவே. மூத்தவருக்கு வந்த நோய் இன்று நல்ல உடம்போடிருக்கும் இளையவரைப் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துப் பற்றினால், அப்போது எதிர்த்து நிற்க ஒன்றே மிஞ்சியிருக்கும். கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் வேறொரு சொல்லும் சேரும். கொடுத்தபின் கருவுற்ற பெண்களில் நூற்றுக்குப் பதினொருவருக்குக் கர்ப்ப காலத்து இரத்த அழுத்தமோ அதையொட்டிய ஜன்னி நோயோ கண்டதென்றும், கொடுக்காதவர்களில் அது ஐவரே என்றும் கனடாவில் ஆராய்ந்து 2015 இல் வெளியிட்டார்கள். இன்னும் பிள்ளை பெறாத தங்கையிடம் கேட்குமுன் இதை யார் சொல்வது?

ஆகக்கூடிக் கணக்கு இதுதான்: ஆபத்து சிறியது, ஆனால் இல்லாததன்று. இப்போது நம் கேள்விக்கு வருவோம். சிறிய ஆபத்தைச் சொல்லாமல் விட்டால்தான் என்ன?

சிலர் சொல்லுவார்கள்: "பத்தாயிரத்தில் ஒன்றைச் சொல்லி ஒருவரைக் கலங்கவைப்பானேன்? அவர் பயந்து பின்வாங்கினால் நோயாளியன்றோ இறப்பார்?" இவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பின்வாங்கினால் மூத்தவரின் ஆயுள் குறையக்கூடும் என்பது உண்மை. அதை மறைத்தால் நாமும் மூட்டைக்காரனாகிவிடுவோம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஆபத்து அவ்வளவு சிறிதானால் அதைச் சொல்ல நமக்கு ஏன் அச்சம்? சொன்னால் மறுத்துவிடுவார் என்று அஞ்சுகிறோமென்றால், அவருக்கு அது சிறிதன்று என்பதை நாமே ஒப்புக்கொண்டுவிட்டோம். பத்தாயிரத்தில் ஒன்று என்பது ஆஸ்பத்திரிக்கு ஓர் எண். அந்த ஒருவரின் வீட்டுக்கோ அது முழுத் தொகை. அந்த எண்ணை எடைபோடும் உரிமை, உடம்பைக் கொடுப்பவருக்கே உண்டு. அறியாமல் கொடுத்தது கொடையாகாது. அது அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டதே ஆகும்.

மார்க்க அறிஞர்களும் இவ்விஷயத்தில் நிபந்தனையோடுதான் அனுமதி அளித்திருக்கிறார்கள். 1985 ஆம் ஆண்டு மக்காவில் கூடிய பிக்ஹு சபை, கொடுப்பவரின் இயல்பான வாழ்வைக் குலைக்கும் தீங்கு நேரலாகாது என்றும், யாருடைய நிர்ப்பந்தமும் இன்றி அவரே விரும்பிக் கொடுக்க வேண்டும் என்றும் வகுத்தது. நிர்ப்பந்தம் என்பது கத்தியைக் காட்டித்தான் வரவேண்டுமென்பதில்லை. உம்மாவின் கண்ணீரும் நிர்ப்பந்தமே. குடும்பமெல்லாம் கூடியிருக்கும் சபையில் வைத்துக் கேட்பதும் நிர்ப்பந்தமே.

முதன்முதலில் இக்கேள்வியைச் சந்தித்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது நினைவில் வைக்கத்தக்கது. 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரொனால்ட் ஹெரிக் என்ற இளைஞர் தம் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்றம் அதுவே. அதைச் செய்த டாக்டர் ஜோசப் மர்ரே 1990 இல் நோபல் பரிசு பெற்றார். நோயற்ற ஒருவரை மேசைமேல் கிடத்திக் கீறுவது தகுமா என்று அம்மருத்துவர்கள் அஞ்சி, சமயப் பெரியோர்களையும் சட்டமறிந்தோரையும் கலந்தே துணிந்தார்கள்.

அந்நாளில் நடந்த இரண்டு செய்திகள் நம் மனத்தைத் தொடுகின்றன. ஒன்று: பின்னாளில் தம் உடல்நலத்துக்கு ஆஸ்பத்திரி பொறுப்பேற்குமா என்று ரொனால்ட் கேட்டார். அவருடைய சிறுநீரகத்தை எடுக்கவிருந்த டாக்டர் ஹார்ட்வெல் ஹாரிசன், அப்படி வாக்களிக்க இயலாது என்று ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, இங்கிருக்கும் எங்களில் எவராவது உமக்கு உதவி வேண்டும்போது மறுப்போம் என்று நினைக்கிறீரா என்று திருப்பிக் கேட்டார். உறுதியளிக்க முடியாததை உறுதியளிக்கவில்லை. அதே நேரத்தில் கைவிடவுமில்லை. மற்றொன்று: ஆபரேஷனுக்கு முந்திய இரவு, சாகக் கிடந்த ரிச்சர்டே தம் சகோதரருக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியனுப்பினார், வீட்டுக்குப் போய்விடு என்று. ரொனால்டோ போகமாட்டேன் என்று பதில் எழுதினார். ரிச்சர்ட் அதன்பின் எட்டாண்டுகள் வாழ்ந்து, மணம் முடித்து, மக்களையும் பெற்றார். ரொனால்ட் 2010 வரை வாழ்ந்தார்.

நோயாளியே கதவைத் திறந்துவிட்டார். கொடுப்பவர் திறந்த கதவுக்கு உள்ளேயே நின்றார். அதனால்தான் அது கொடை. கதவை அடைத்துவிட்டு, பார், அவர் ஓடவில்லை என்று சொல்வதில் என்ன பெருமை?

இன்றைய சட்டங்களும் இக்கதவைத் திறந்துவைக்கவே முயல்கின்றன. சிங்கப்பூரில் 2004 முதல் உயிரோடிருப்பவர் உறுப்புக் கொடுக்க, ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு எழுத்தில் அனுமதிக்க வேண்டும். உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆனால் கொடுத்தவரின் செலவையும் வேலைக்குப் போகாத நாட்களின் வருமான நஷ்டத்தையும் ஈடுசெய்ய 2009 இல் சட்டம் இடமளித்தது. மேலும், கொடுக்க மனமில்லாதவர் அதைத் தனியே சொன்னால், மருத்துவர்கள் குடும்பத்தாரிடம் "இவர் கொடையாளியாகத் தகுதியானவர் அல்லர்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. இது பொய்யல்லவா என்று சில சகோதரர்கள் கேட்கலாம். நம் கருத்தில் இது பொய்யன்று. மனம் ஒப்பாதவரின் சிறுநீரகம் எவ்வளவு நல்லதாயினும் அவர் தகுதியான கொடையாளி அல்லர். பழுதைச் சொல்ல வேண்டியது விற்பவன் கடமை. வாங்காமல் திரும்பிப் போகிறவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

ஆகவே, வர்த்தகச் சகோதரர்களே, யாரையும் கொடுக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒரு உயிரைக் காப்பதற்கு இணையான தர்மம் வேறு ஏது? கொடுக்கத் துணிந்தவர் மேன்மக்கள். நாம் சொல்வது கேட்பவரைப் பற்றியே. கேட்பவர் முழுக் கணக்கையும் முன்னே வைக்க வேண்டும்: பத்தாயிரத்தில் ஒன்றையும், மூட்டை தூக்கமுடியாத வாரங்களையும், இருபதாண்டு கழித்து வரக்கூடியதையும். சபையில் கேளாமல் தனித்துக் கேட்க வேண்டும். அவருடைய மனைவி மக்களும் அறிய வேண்டும். ஆபத்தில் அவர்களும் பங்காளிகள். எந்தக் கருவியால் குழாயை மூடுவீர்கள், இத்தகைய ஆபரேஷனை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்கக் கூசலாகாது. கொடுத்தபின் ஆண்டுதோறும் அவருக்கு இரத்தமும் சிறுநீரும் இரத்த அழுத்தமும் பரிசோதிக்கப்படுகின்றனவா என்று பார்ப்பது குடும்பத்தின் நீங்காக் கடன். பெற்றுக்கொண்டவரைக் கொண்டாடிவிட்டுக் கொடுத்தவரை மறந்துபோவது நம்மிடையே நேரக்கூடாத நன்றிகேடு.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். உம்மா பேசி முடித்தபின் மூத்தவர் இப்படிச் சொல்லியிருந்தால்?

"தம்பி, இங்கே ஒன்றும் பதில் சொல்லாதே. நாளை டாக்டரிடம் நீ தனியாகப் போ; உன் வீட்டாரையும் அழைத்துப் போ. உனக்கு என்னென்ன நேரலாம் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள். பிறகு நீ வேண்டாமென்றாலும் நீ என் தம்பிதான். கடைச் சாவி உன்னிடந்தான் இருக்கும்."

இதைச் சொல்ல, கொடுப்பதற்கு வேண்டிய துணிவைவிடக் குறைந்த துணிவு போதாது. ஏனெனில் அவர் தம் உயிரை அந்தச் சொற்களில் பணயம் வைக்கிறார். அப்படிச் சொன்ன பிறகு இளையவர் கொடுத்தால், அடுக்களை வாசலில் நின்றவரும் மனமொப்பி அதில் பங்கு கொள்வார். துளை சிறியதாகவே இருக்கட்டும். கேட்கும் நாவில் நேர்மை சிறுத்துவிடலாகாது.